நீல எலும்பு

பத்தொன்பது வருஷம்
சாங்கியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து
பிறத்தியார் பெட்டிக்குள் நான் தேடியது அதைத்தான்.
சட்டை, ஊறுகாய், பிள்ளைக்கு வாங்கிய கரடி
எல்லாம் ஆரஞ்சு.
இரும்பென்றால் நீலம்.
ஒரு தடவைகூட அகப்பட்டதில்லை.
தலைமுடி காயவைக்கும் மெஷின் குப்புறக் கிடந்தால்
ஒரு நொடி நெஞ்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.
பெல்ட்டை நிறுத்துவேன்.
யாரோ ஓர் ஆன்ட்டி என்னை முறைப்பாள்.

அப்படிப்பட்ட நான்
மாதங்கிக்குத் துப்பாக்கி வாங்கினேன்.

காற்றுத் துப்பாக்கி. ஜெர்மன்காரன் செய்தது.
நாலாயிரத்து அறுநூறு வெள்ளி, வரி தனி.

அந்தப் பணம் வேறொன்றுக்கு இருந்தது.
சிராங்கூன் சாலை நகைக்கடையில் மாதச் சீட்டு,
கழுத்துக்கு இவ்வளவு, காதுக்கு இவ்வளவு என்று.
முப்பத்தொரு வயதில்
"கல்யாணம் வேணாம்மா" என்றாள்.
சண்டையில்லை. தட்டு கழுவிக்கொண்டே சொன்னாள்.
மூன்று மாதம் நான் பேசவில்லை.
பிறகு ஒரு சனிக்கிழமை
கிளப்பின் இரவல் துப்பாக்கியோடு அவள் நிற்பதைப் பார்த்தேன்.
எவனோ நெட்டையன் திருகி வைத்த கட்டை.
கன்னம் எட்டாமல்
கழுத்தை ஒடித்து ஒடித்துக் குறி பார்த்தாள்.
கழுத்துக்கென்று சேர்த்த பணம்தானே
என்று தோன்றியது.

தம்பிக்கு அரசாங்கமே கொடுத்தது, இரண்டு வருஷம்.
பெண்டாட்டி மாதிரிப் பார்த்துக்கோ என்றாராம் சார்ஜன்ட்.
தெக்கோங் காட்டில் கட்டிக்கொண்டு தூங்கினான்,
எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
இவளுக்கு என்றதும் நாத்தனார் போனில்,
"பொட்டப் புள்ளைக்கா?"
"புள்ளைக்கு" என்றேன்.

உரிமம் அவள் பெயரில்.
பணம் கட்டினவள் நான்.
கட்டினவளுக்குத் தொட அனுமதியில்லை.
பெட்டி வந்த அன்று
ஆயுத அறைக் கம்பிக் கதவுக்கு வெளியே
மஞ்சள் கோட்டில் நின்றேன்.
எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன்
இதே மாதிரிக் கோட்டில்.

புது வண்டிக்கு வைப்போமே, அந்த நினைப்பில்
கைப்பையில் கொஞ்சம் குங்குமம் எடுத்துப் போயிருந்தேன்.
மிஸ்டர் கோ பார்த்த பார்வையில்
பையை மூடிவிட்டேன்.
மாதங்கி வெளியே வந்து
நெற்றியை நீட்டினாள்.
"கண்ணுல கொட்டிடாதம்மா, இன்னிக்கு வேணும்."

பத்து மீட்டர் தள்ளி ஒரு புள்ளி,
வாக்கியம் முடிந்ததும் வைப்போமே, அவ்வளவு.
சத்தமும் பெரிதாக இல்லை,
மாவு டப்பாவை மூடினாற்போல் ஒரு டப்.
என் பக்கத்துத் திரையில்: பத்து புள்ளி மூன்று.
நல்லதா கெட்டதா தெரியவில்லை.
திரையை விட்டு முகத்தைப் பார்த்தேன்.
திருகாணியை இரண்டு சுற்று இறக்கினாள்,
மறுபடி கன்னத்தைப் பதித்தாள்.
கழுத்து நேராக இருந்தது.
பதினாலு வயதுக்குப் பிறகு
எனக்கு நீட்டாத கன்னம்.

அறுபது குண்டு முடிந்ததும்
கையெழுத்து வாங்கி, பூட்டி, சாவியைக் கொண்டுபோனார்கள்.
அது அங்கேதான் இருக்குமாம், எப்போதும்.
கொடுத்த கையும் வாங்கிய கையும் வெறுமையாக
பழைய சுவா சூ காங் சாலையில்
இடுகாட்டைத் தாண்டி வரும் பஸ்ஸுக்கு நின்றோம்.
இருபது நிமிஷம்.
தோள் வலிக்குது என்றாள்.
பிறந்த நாள் வாழ்த்து சொல்ல மறந்தது
பஸ் ஏறிய பிறகு நினைவு வந்தது,
அப்போது அவள் தூங்கியிருந்தாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட்.
நாலாவது பெட்டியில்
நீளமாய், நீலமாய் ஒன்று.
பெல்ட்டை நிறுத்தினேன்.
குடை.
தெரிந்தபிறகும்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான்
விட்டேன்.